கண்ணுக்கு வேண்டும் ஆடை

பெரம்பலூரிலும் அரியலூரிலும் கடல் இல்லை. ஆனால் கடற்கரை உண்டு!

நகைக்க வேண்டாம். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்றொரு சிற்றூர். ஊரைத் தாண்டிச் சிறிது தொலைவு நடந்தால் பயிர் மறைகிறது, பசுமை மறைகிறது, பாதையும் மறைகிறது. மழைநீர் அரித்து அரித்து மடிப்பு மடிப்பாக்கிய மண்மேடுகள் மட்டுமே கண்ணுக்கெட்டும் வரை கிடக்கின்றன. காலடியில் ஜிப்சத் தகடுகள் கண்ணாடிச் சில்லுகளென மின்னுகின்றன. குனிந்து பார்த்தால், விரல்போல் நீண்டு முனை கூர்த்த சிறு கற்கள். வெறுங் கல்லென்று எண்ணிவிடாதீர்! கணவாய்க்கு உறவான பெலம்னைட் என்னும் கடலுயிரின் உடலுக்குள் இருந்த உறுப்பு அது. ஆட்டுக் கொம்புபோல் சுருண்டு கிடப்பது அம்மோனைட். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முன் இங்கே அலை புரண்டது, மீன் துள்ளியது, சிப்பி வாய் திறந்தது.

சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதனை உலகுக்கு அறிவித்தார். கரையோரத்தில் நின்ற மரம் நீரில் அடித்து வரப்பட்டு, கடற்சேற்றில் புதைந்து, காலத்தின் கையால் கல்லாயிற்று. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியிலோ சிப்பிமேல் சிப்பி அடுக்கிச் சுவர் எழுப்பியது போன்ற சுண்ணாம்புக்கல். அதனை வெட்டித்தான் சிமெண்டு ஆலைகள் இயங்குகின்றன. பண்டைக் கடலின் சிப்பியைத்தான் இன்று நம் வீட்டுச் சுவரில் பூசியிருக்கிறோம்!

கடல் தன் நீலச் சேலையைக் களைந்துவிட்டுக் கிழக்கே நடந்துவிட்டது; இன்று நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் நின்று முழங்குகிறது. அது விட்டுச்சென்ற கரை, மறைக்க ஏதுமின்றி வெயிலில் வெறுமேனியாய்க் கிடக்கிறது. அதைக் கண்டு எவரும் கண்ணைப் பொத்திக்கொள்வதில்லை. காண வருகிறோம், கண்டு வியக்கிறோம்.

அந்தக் கரையில் நின்றுகொண்டுதான், வெறுமேனி மாந்தர் வந்து அமரும் வேறொரு கரையைப் பற்றிக் கேட்டேன்.

என் தமக்கையின் மகன் ஸ்பெயின் நாட்டில் பொறியாளனாகப் பணியாற்றுகிறான். சென்ற பொங்கலுக்கு மனைவியுடன் ஊர் வந்திருந்தான். இருவரையும் காரைக்கு அழைத்துச் சென்றேன். சுற்றிலும் பார்த்தவன், "மாமா, நாங்கள் போய்வந்த காபோ தே காத்தாவும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இங்கிருந்து போய்விட்ட கடல், அங்கே இன்னும் போகவில்லை. அவ்வளவுதான் வேற்றுமை" என்றான்.

ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில், அல்மேரியா மாநிலத்தில் இருப்பது காபோ தே காத்தா. 1987 முதல் காக்கப்பட்டு வரும் இயற்கைப் பகுதி. ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் அளவே பெய்யும். வறண்ட ஊரென்று நாம் சலித்துக்கொள்ளும் பெரம்பலூரே அதனினும் பன்மடங்கு மழை காண்கிறது! எரிமலைக் குழம்பு உறைந்த பாறை, காற்றுக் குவித்த மணற்குன்று, கற்றாழை, அப்பால் மத்தியதரைக் கடலின் நீலம். கண்டபடி விடுதி கட்டத் தடை. கோடையில் கடற்கரைக்குச் செல்லும் ஊர்திகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு. அங்கே மொன்சூல் என்னும் கடற்கரையிலிருந்து மணலைக் கடந்து நடந்தால், பர்ரோனால் என்னும் ஒதுக்கமான கரை வருகிறது. ஆடையின்றி நீந்துவோரும் வெயில் காய்வோரும் நாடிச் செல்லும் கரை அது.

"எத்தகையோர் வந்திருந்தனர்?" என்று கேட்டேன்.

"எல்லோரும்தான், மாமா. எழுபது வயது முதியவர்கள், பிள்ளை பெற்ற வயிற்றில் சுருக்கம் விழுந்த தாய்மார்கள், மார்பில் அறுவை மருத்துவத் தழும்போடு ஓர் அம்மையார், தொந்தி சரிந்த தந்தை, அவர் அருகே மணலில் வீடு கட்டும் மகன். சிலர் நூல் படித்தார்கள், சிலர் நீந்தினார்கள், சிலர் உறங்கினார்கள். அலையோசை தவிர வேறு ஓசை இல்லை. புறப்படும்போது தங்கள் குப்பையைத் தங்கள் பையிலேயே கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்."

அவன் மனைவியைப் பார்த்து, சற்றுத் தயங்கியே, "உனக்கு எப்படி இருந்ததம்மா?" என்றேன்.

"நான் உடுத்தியிருந்த உடையோடுதான் இருந்தேன், மாமா. களையுமாறு எவரும் சொல்லவில்லை. ஏன் களையவில்லை என்றும் எவரும் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரம் கடலில் கால் நனைத்து உட்கார்ந்திருந்தேன். ஒரு கண் என்மேல் படவில்லை. இங்கே, ஊருக்கு வரும் வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நின்றேன். கழுத்து முதல் கால் வரை போர்த்தித்தான் இருந்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை கண்கள் என்னைத் துகிலுரிந்தன, தெரியுமா?"

தோழர்களே! அந்தப் பெண்ணின் சொல்லுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஆடையற்றோர் நடுவே அவளுக்கு அச்சமில்லை. ஆடையணிந்தோர் நடுவே அச்சம்! துச்சாதனனுக்குக் கையாவது வேண்டியிருந்தது. நம் தெருவில் திரிவோர்க்குக் கண்ணே போதும்.

இச்செய்தி வீட்டில் தெரிந்ததும் எழுந்த கூச்சலை என்னென்பேன்! "வெட்கங்கெட்ட நாடு" என்றார் ஒருவர். "நம் பண்பாடு என்ன, மானம் என்ன!" என்றார் மற்றொருவர். மானம் பேசிய அப்பெரியவர், பிட்சாடனரைக் கண்டால் கைகூப்புகிறவர். பிட்சாடனர் என்பது யார்? ஆடையின்றிப் பிச்சைக்குப் புறப்பட்ட சிவன். சோழர் காலத்துச் சிற்பி அவரை அப்படித்தான் செதுக்கினான். எந்த அரசனும் அவன் உளியைப் பிடுங்கவில்லை. சிரவணபெளகொளாவில் 57 அடி உயரத்தில் நூலிழையும் இன்றி நிற்கிறார் பாகுபலி. ஆயிரம் ஆண்டுகளாக ஆணும் பெண்ணும் அவர் அடி பணிகிறார்கள். கல்லில் இருந்தால் கடவுள், கரையில் இருந்தால் கயவனா? அதே பெரியவர், பெண்ணின் உடலை அங்குலம் அங்குலமாக விலை பேசும் திரைப்படச் சுவரொட்டியைக் கடந்துதான் நாள்தோறும் கடைத்தெருவுக்குச் செல்கிறார். அதைக் கண்டு ஒருநாளும் அவர் கூச்சலிட்டதில்லை!

பண்பாடு பேசுவோர்க்கு என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

என் பாட்டனார் அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறர் நிலத்தில் பாடுபட்டவர். ஏர் பிடிக்கும்போது இடுப்பில் கோவணம். சேற்றுக்கும் வெயிலுக்கும் உகந்த உடை அதுதான். அதை அவர் இழிவென எண்ணியதில்லை. வயலில் நிமிர்ந்தே நின்றார். திருநாள் வந்தால் வேட்டி கட்டுவார், தோளில் துண்டு போடுவார். நிலக்கிழார் வீட்டுத் தெரு தொடங்கும் இடத்தில் அந்தத் துண்டு தோளிலிருந்து இறங்கும். அக்குளில் ஒடுங்கும், அல்லது இடுப்பில் சுற்றிக்கொள்ளும். தெரு முடிந்த பின்னரே மீண்டும் தோளேறும். வயலில் கோவணத்தோடு நிமிர்ந்து நின்ற மனிதர், தெருவில் வேட்டியோடு குனிந்து நடந்தார்! எது மானக்கேடு? கோவணமா, குனிவா?

என் பாட்டியார் ரவிக்கை அணிந்தறியாதவர். என் தந்தையார் திருச்சிராப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் ரவிக்கைத் துணி வாங்கி வந்தார். பாட்டி அதைத் தடவிப் பார்த்தார், மகிழ்ந்தார், பிறகு மடித்துக் கொடுத்துவிட்டார். "இத்தனை வருடம் வெயிலும் காற்றும் பட்ட உடம்படா இது. இதற்கு இப்போது என்ன புதுக் கூச்சம்? உன் தங்கைக்குத் தைத்துக் கொடு" என்றார். தங்கைக்குத் தைத்தார்கள். என் அத்தை அந்த ரவிக்கையோடு தெருவில் நடந்தபோது, "கூலிக்காரன் மகளுக்கு வந்த மினுக்கைப் பார்!" என்று ஏசினார்கள், ஊரின் பெரிய மனிதர்கள்.

ஒரே குடும்பம்; மூன்று உடல்கள். பாட்டனாரைக் களையச் சொன்ன அதிகாரமும், அத்தையை அணிந்ததற்காக ஏசிய அதிகாரமும் ஒன்றே. பாட்டியிடம் மட்டும் அது செல்லவில்லை; ஏனெனில் அவர் களைந்ததும் இல்லை, அணிந்ததும் இல்லை; தம் உடலுக்குத் தாமே அரசியாக இருந்தார். ஆடை இருந்ததா இல்லையா என்பதைக் கேட்பதில் பயனில்லை. ஆணையிட்டவர் யார் என்று கேட்க வேண்டும்!

இது என் வீட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. தென்திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டத்தில், நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை அணிந்ததற்காகச் சந்தையிலும் தெருவிலும் அடிபட்டனர். அணிந்த சீலை கிழிக்கப்பட்டது. 1822-இல் தொடங்கிய அப்போராட்டம் 1859 வரை நீண்டது. அவ்வாண்டு திருவிதாங்கூர் மன்னர் இறங்கிவந்து மார்பை மறைக்க இசைவளித்தபோதும், "மேற்குலப் பெண்டிர் அணியும் முறையில் அணியலாகாது" என்று ஒரு கொக்கி போட்டே அளித்தார். மறைக்கலாம், ஆனால் சமமாக மறைக்கக் கூடாது! 1930-இல் இராமநாதபுரம் சீமையில் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் சுமத்தப்பட்டன. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி அணியலாகாது; சட்டை கூடாது; பெண்கள் ரவிக்கை போடலாகாது; குடை கூடாது, செருப்புக் கூடாது. மீறினால் குடிசைக்குத் தீ. இந்த நாட்டில்தான், மானத்தைத் துணியால் அளக்கும் மகான்கள் இன்றும் உலவுகிறார்கள்!

"அதெல்லாம் பழங்கதை" என்பீர்கள். கேரளத்துக் கோயில்கள் பலவற்றில் ஆடவர் சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே நுழையலாம். பூணூல் கிடக்கிறதா என்று பார்க்க வந்த வழக்கம் இது, ஒழிக்க வேண்டும் என்று சிவகிரி மடத் தலைவர் சச்சிதானந்தா 2024 டிசம்பரில் எடுத்துரைத்தார். முதலமைச்சராக இருந்த பினராயி விஜயனும் அதே மேடையில் அதை ஆதரித்தார். உடனே எழுந்தது எதிர்ப்பு! ஒரு வாயில் "கழற்று" என்கிறது. மறுவாயில் "மூடு" என்கிறது. கட்டளை மாறுகிறது; கட்டளையிடும் குரல் மாறவில்லை.

தானே களைந்தோரும் இந்நாட்டில் உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியார் சட்டையையும் நீண்ட வேட்டியையும் துறந்து அரையாடை பூண்டார். உடுக்க ஒரு முழம் துணியும் இல்லா ஏழையரைக் கண்டு எடுத்த முடிவு அது. 1931-இல் இங்கிலாந்தின் சர்ச்சில் அவரை அரைநிர்வாணப் பக்கிரி என்று எள்ளினார். எள்ளல் அவரைத் தொடவில்லை. பிறர் உரித்த உடல் கூசும். தானே துறந்த உடல் கூசுவதில்லை!

ஆடையற்ற வாழ்வு மேலைநாட்டுச் சரக்கு என்று முழங்குவோர் இன்னொரு செய்தியையும் கேட்கட்டும். அவ்வாழ்வுக்கென உலகில் முதன்முதல் அமைந்ததாக அறியப்படும் சங்கம் பிறந்தது பாரிசிலும் அன்று, பெர்லினிலும் அன்று. பம்பாய்க்குப் பக்கத்துத் தாணேயில்! 1891-இல், அங்கே மாவட்ட நீதிபதியாக இருந்த சார்லஸ் கிராஃபோர்டு என்னும் ஆங்கிலேயர் அதனை நிறுவினார். உறுப்பினர் மொத்தம் மூவர். நம் பெண்டிர்க்கு வெட்கம் கற்பிக்க வந்த ஆட்சியின் நீதிபதி ஒருவர், தம் கோட்டையும் கழுத்துப் பட்டையையும் கழற்றி வைத்துவிட்டு, இந்திய வெயிலில் விடுதலை தேடினார். வேடிக்கை அன்றோ! தாம் விரும்பிக் களைந்தார். எவரும் அவரை அடிக்கவில்லை. அதே நாட்டில் விரும்பி அணிந்த பெண்கள் அடிபட்டார்கள்.

ஐரோப்பா முழுவதும் உத்தமர்கள் என்று நான் ஓதவில்லை. ஜெர்மனியில் இவ்வியக்கம் தழைத்தபோது, 1933-இல் ஆட்சியைக் கைப்பற்றிய நாஜிகள் அதன் சங்கங்கள்மீது தடை வீசினர். ஸ்பெயினில் 1975 வரை நீடித்த பிராங்கோவின் ஆட்சி, மதகுருமாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நீச்சலுடையின் நீளத்தை அளந்தது. பிராங்கோ மறைந்தபின் மக்களாட்சி மலர்ந்தது; 1988-இல் "பொது ஒழுக்கக் கேடு" என்னும் குற்றப் பிரிவு சட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது. அதன் பிறகே பர்ரோனால் போன்ற கரைகளில் அச்சமின்றி அமர முடிந்தது. சர்வாதிகாரி முதலில் கை வைப்பது நாவின்மீது. அடுத்துக் கை வைப்பது உடையின்மீது!

மக்களாட்சி நாடும் தவறாமல் இல்லை. பிரான்சில், அதே மத்தியதரைக் கடலின் கரையில், 2016 கோடையில் பல நகராட்சிகள் ஓர் ஆணை பிறப்பித்தன. உடல் முழுவதும் மூடும் நீச்சலுடையோடு இசுலாமியப் பெண்கள் கடலில் இறங்கக் கூடாதாம்! ஆடையற்ற கரைகளுக்குப் பெயர்பெற்ற நாட்டில், ஆடை மிகுந்ததற்காகத் தண்டனை! ஆகஸ்டு 26 அன்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அவ்வாணைகளுள் ஒன்றை நிறுத்தி வைத்தது. அடிப்படை உரிமைக்கு ஊறு என்றது. குமரிச் சீமையில் மார்பை மூடாதே என்ற குரலும், பிரான்சில் தலையை மூடாதே என்ற குரலும், நம் தெருவில் தலைகுனிந்து முக்காடிட்டு நட என்ற குரலும் வேறு வேறு மொழி பேசும் ஒரே குரல்.

நம் நாட்டு உச்சநீதிமன்றமும் இதனைச் சிந்தித்திருக்கிறது. ஜெர்மன் டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும், கறுப்பின மரபில் வந்த அவருடைய வருங்கால மனைவியும் ஆடையின்றி நின்ற படம் ஒன்று 1993-இல் இந்திய ஏடுகளில் மறுபதிப்பாயிற்று. நிறவெறியைக் கண்டிக்க எடுத்த படம். எடுத்தவர் அப்பெண்ணின் தந்தை! ஆபாசம் என்று வழக்குத் தொடுத்தனர். ஆடையில்லை என்பதாலேயே ஒரு படம் ஆபாசம் ஆகிவிடாது, அது சொல்லும் பொருளையும் பார்க்க வேண்டும் என்று 2014-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு பிடித்தது, இந்தச் சிறு உண்மைக்கு!

ஆகவே மெரினாவில் எல்லோரும் ஆடையை அவிழ்த்துப் போடுங்கள் என்கிறேனா? இல்லை. சட்டமும் இடம் தராது. நம் மக்கள் அதனைக் கேட்கவும் இல்லை. என் மருமகள் அங்கே அணிந்தே இருந்தாள். அது அவள் விருப்பம். அவ்விருப்பத்துக்கு மதிப்புக் கிடைத்தது; அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்த மதிப்பை நம் ஊருக்குக் கொண்டுவர ஸ்பெயின் போக வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் பெண்கள் குளித்து உடைமாற்ற மறைவிடம் கட்டித் தரட்டும் ஊராட்சிகள். பெண் அறியாமல் அவள் குளிப்பதைப் பார்ப்பதும் படம் பிடிப்பதும் 2013 முதல் இந்நாட்டில் தனிக் குற்றம். அச்சட்டத்தைப் பள்ளி மாணவனுக்குப் பாடமாகச் சொல்லட்டும் ஆசிரியர்கள். "அடக்கமாக உடுத்து" என்று மகளிடம் நூறு முறை சொல்லும் தாய், "அடக்கமாகப் பார்" என்று மகனிடம் ஒருமுறையேனும் சொல்லட்டும்!

காண்பதற்கும் ஒரு நெறி உண்டு. காரை மேட்டில் கிடக்கும் தொல்லுயிர்க் கற்களைக் கண்டதும் அள்ளிப் பையில் போட்டுக்கொள்வோர் இருக்கிறார்கள். பத்துக் கோடி ஆண்டு கிடந்த பொருள் ஒரு விடுமுறை நாளில் காணாமற் போகிறது. கண்டால் கைக்கொள்ள வேண்டும் என்னும் அந்தப் பசியேதான், பேருந்து நிலையத்தில் ஒரு பெண்ணின்மீதும் பாய்கிறது.

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி, 2024-இல் உலகளாவிய ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பனிநாடுகளைக் கடந்து, இமயத்தைத் தாண்டி, வரித்தலை வாத்து அங்கே வந்து இறங்குகிறது. கரையில் நிற்போர் குரலைத் தாழ்த்துகிறார்கள், கல்லெறிவதில்லை, நெருங்கி விரட்டுவதில்லை, தொலைவில் நின்று கண்டு மகிழ்ந்து திரும்புகிறார்கள். ஒரு பறவைக்கு அளிக்கும் அந்த மரியாதையை, உடன் பிறந்த மனிதப் பிறவிக்கு அளிக்க நமக்கு என்ன தடை? கண்ணியம் என்னும் சொல்லுக்குள்ளேயே கண் இருக்கிறது, தோழர்களே! உடலுக்கு எந்த ஆடை என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும். கண்ணுக்கு ஆடை நெய்யும் வேலை, நம் எல்லோருக்கும் உரியது.